பிரான்ஸில் விசுவாசம் செத்துப்போச்சாமே!

ஒரு வருஷப் படிப்புக்கு இங்கே வரும் பிள்ளைகளுக்கு நம்மவர்கள் ஓதி அனுப்புவது இதுதான்: "வெள்ளைக்காரன் கோயில்ல கிழவிங்கதான், தமிழ்ப் பூசைக்கு மட்டும் போ." என்ன பேச்சய்யா இது? 2025 ஈஸ்டருக்கு இங்கே ஞானஸ்நானம் வாங்கிய பெரியவர்கள் 10,000-க்கும் மேல். பெரும் பங்கு 18-25 வயசு.

பெரிய வெள்ளிக்கு லீவு இல்லைதான் (அல்சாஸ், மொசெல் பக்கம் உண்டு). பெரிய சிலுவைக்கு 2004 சட்டத்தில் தடை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு அல்ல. சும்மா பயமுறுத்தாதீர்கள்!

அந்தமான் டாலிகஞ்சில் ராஞ்சிக்காரர், வங்காளியோடு இந்தியில் ஜெபம் சொல்லி வளர்ந்தவன் நான். என் தமிழ் கரைந்தா போச்சு?

பல்கலைக்கழக ஊர்களில் மாணவர்களுக்கென்றே 'ஓமொனெரி' இருக்கிறது. பூசை, பேச்சு, சேர்ந்து சாப்பாடு, எல்லாம் பிரெஞ்சில். போகட்டுமே, உங்களுக்கென்ன?