நாலு எடையும் ஒரு சராசரியும்

கிரிக்கெட் பாக்கிற எல்லாருக்கும் பிராட்மேனோட சராசரி தெரியும், 99.94. அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா, எடுத்த ரன்னை ஆடின இன்னிங்ஸால வகுக்கணும்னு பலபேர் சொல்வாங்க. அப்படி வகுத்தா வராது. 80 இன்னிங்ஸ்ல அவர் எடுத்தது 6996 ரன். 80-ஆல் வகுத்தா 87.45 தான். அவுட் ஆகாம நின்ன 10 இன்னிங்ஸைக் கழிச்சு, 70-ஆல் வகுத்தாதான் 99.94. ஆளும் ரன்னும் அதேதான், வகுக்கிற எண்தான் வேற.

விளையாட்டுல இது பேசிச் சிரிக்கிற விஷயம். நெல்லு போடுறவனுக்கு இதே சராசரிதான் இன்சூரன்ஸ் பணம் வருமா வராதான்னு முடிவு பண்ணுது.

"மழையில பயிர் போனா என்ன, இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க கேப்பாங்க. அவங்க நினைக்கிறது கார் இன்சூரன்ஸ் மாதிரி. கார் இடிச்சா, உங்க காரைத்தான் வந்து பாப்பாங்க. 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்துல, மகசூல் குறைஞ்சதுக்கு இழப்பீடுன்னா உங்க வயலைத் தனியா பாக்கிறதில்ல. ஊரு மொத்தத்தையும் ஒரே வயலா எடுத்துக்கிறாங்க. நெல்லு மாதிரி முக்கியப் பயிருன்னா ஊராட்சிக்குக் குறைஞ்சது 4 இடத்துல, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு பேரு.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். வாய்க்கால் தலைப்புல மூணு இடம் விழுந்துச்சு: 13 கிலோ, 12 கிலோ, 11 கிலோ. நாலாவது இடம் கடைசியில, தண்ணி வடியாத பள்ளத்துல: 4 கிலோ. கூட்டினா 40, சராசரி 10. ஏக்கருக்குக் கணக்குப் பண்ணா சுமார் 1,620 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில 27. பள்ளத்துக்காரருக்கு உண்மையில கிடைச்சது 11 மூட்டை கூட இல்ல.

இந்த 27-ஐ எதோட ஒப்பிடுவாங்க? போன 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தோட சராசரியை எடுத்து, அதுல 70, 80, 90 சதவீதத்துல எது அந்தப் பயிருக்கு வச்சிருக்காங்களோ அந்த அளவு. அஞ்சு வருஷ சராசரி 29 மூட்டை, அளவு 80 சதவீதம்னா, 23 மூட்டைக்குக் கொஞ்சம் மேல. ஊரு சராசரி 27. ஆகவே ஊர்ல நஷ்டமே இல்ல. பள்ளத்துக்காரருக்கு ஒத்த ரூபா வராது. அவரும் எல்லாரையும் போல பிரீமியம் கட்டினவர்தான். அதே பள்ளத்துல நாலுல மூணு இடம் விழுந்திருந்தா ஊருக்கே பணம் வரும், முப்பத்தஞ்சு மூட்டை அறுத்தவருக்கும் சேர்த்து. அதையும் நான் பாத்திருக்கேன், யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

ஒண்ணு ஒத்துக்கணும். மோசமான ரெண்டு வருஷத்தை விட்டுட்டு சராசரி எடுக்கிறது விவசாயிக்கு நல்லதுதான். இல்லாட்டி வெள்ளம் வந்த வருஷங்களே அளவைக் கீழ இழுத்துடும். தனித்தனியா ஒவ்வொரு வயலையும் பாக்க ஆள் போதாதுங்கிறதும் நிசம். அப்படிப் பாத்தா யாரு கைக்கு எவ்வளவு போச்சுன்னு வேற புகார் கிளம்பும். சம்பாவுக்கு நாங்க கட்டுறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான், மிச்சத்தை அரசாங்கம் போடுது. அதனால திட்டத்தையே வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல.

ஆனா மேட்டு வயலையும் பள்ள வயலையும் கூட்டி நாலால வகுக்கிறது என் மனசுக்கு ஒப்பல. எது மேடு, எது பள்ளம், எந்த மடையில தண்ணி தேங்கும்னு ஊர்ல ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வரைபடமே இருக்கு. ஊரைத் தலைப்பு, கடைசின்னு ரெண்டாப் பிரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனியா அறுத்துப் பாத்தா, ஒரு ஊருக்கு இன்னும் நாலு அறுப்பு கூடும், அவ்வளவுதான். அது வர்ற வரைக்கும் ஒண்ணாவது செய்யலாம். சராசரியை மட்டும் சொல்லாம, நாலு இடத்தோட சர்வே நம்பரையும் எடையையும் அறுத்த அன்னைக்கே ஊராட்சி ஆபீஸ் பலகையில எழுதிப் போடட்டும். பணம் வரலைன்னா ஏன் வரலைன்னு பள்ளத்துக்காரர் தானே கூட்டி வகுத்துப் பாத்துக்குவார். இப்ப அவருக்கு அதுக்குக் கூட வழி இல்ல.