சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழையாத சட்டம்

ஆடைத் தொழிற்சாலையிலே ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறினால், அது ஏன் ஏறிற்று என்று கேட்பதற்கு இந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தின் பெயரால் வாயிற்கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே சென்று, இயந்திரத்தைப் பார்வையிட ஒரு பரிசோதகர் இருக்கிறார். குற்றம் முதலாளியுடையதாயின் அவரை நீதவான் முன் நிறுத்த வழியும் இருக்கிறது. அதே ஊசி, நோயாளியின் குருதி தோய்ந்த ஊசி, சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கும் தாதியின் விரலில் ஏறினால்? தொழிற்சாலைப் பரிசோதகர் வரமாட்டார். எவரும் நீதவான் முன் நிற்கமாட்டார். கையைக் கழுவிவிட்டு, பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, அடுத்த நோயாளிக்கு அவள் ஆயத்தமாக வேண்டும்.

மிகைப்படுத்திக் கூறுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உடலுழைப்பைக் கொண்டு ஒரு பொருளைச் செய்யும், மாற்றும், திருத்தும் அல்லது விற்பனைக்கு ஏற்றதாக்கும் இடமே தொழிற்சாலை. அதுவும் வியாபாரமாக, அல்லது இலாபத்துக்காகச் செய்யப்பட வேண்டும். குடலிறக்கம் கண்டு மேசையிற் கிடத்தப்பட்ட கமக்காரர் ‘பொருள்’ அல்லர். அரசாங்க வைத்தியசாலையில் அவரைத் திருத்துவது ‘வியாபாரம்’ அன்று. ஆகவே அவரைச் சுற்றி நிற்போரின் நுரையீரலும் விரலும் முதுகெலும்பும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆங்கிலேயன் எழுதிவைத்துப் போன வரைவிலக்கணம் இது. சுதந்திரம் பெற்றுத் தலைமுறைகள் கடந்த பின்பும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலில் சட்டத்தைத் தடுத்து நிறுத்தி வைத்திருப்பது இதுவே.

வட்டக்கச்சியில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். இரணைமடு நீர் பாயும் ஊரிலே பேசவேண்டியது உரமும் நெல்விலையும் அல்லவா என்பர். அவர்கள் தம் சொந்த வயலைச் சட்டத்தின் கண்கொண்டு ஒருமுறை பார்க்கட்டும். வயலும் தொழிற்சாலையன்று. முதுகிலே தாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் கூலியாளின் மூச்சைப் பற்றியும் அந்தக் கட்டளைச் சட்டத்துக்குக் கவலையில்லை. அவர் மயங்கி விழுந்து கிளிநொச்சிக்குக் கொண்டுசெல்லப்படும்போது, அவரை ஏந்தும் கைகளும் அதே சட்டத்தாற் கைவிடப்பட்ட கைகளே. நாட்டின் உணவை விளைவிப்பவனும் நாட்டின் உயிரைத் தைப்பவளும் ஒரே வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே இது கமக்காரனுடைய வழக்குமாகும்.

கூடத்தின் உள்ளே

பூட்டிய கதவுக்குள் நடப்பது என்ன? முதலில் காற்றைப் பார்ப்போம். நோயாளியை உறங்கவைக்கும் வாயு முழுவதும் நோயாளிக்கே போய்ச் சேர்வதில்லை. முகமூடியின் விளிம்பாலும் குழாயின் மூட்டாலும் கசிகிறது. அவர் வெளிவிடும் மூச்சோடும் வருகிறது. கசிவதை உறிஞ்சி வெளியே அகற்றும் குழாய் இல்லாத அறையில், அங்கு நிற்போரெல்லாம் அதை நாள் முழுவதும் சுவாசிக்கிறார்கள். 1967இல் சோவியத் நாட்டின் வைஸ்மன் என்பவர் மயக்க மருந்து வைத்தியர்களை ஆராய்ந்தபோது, அவர்களிடையே உண்டான 31 கருப்பங்களில் 18 சிதைந்திருக்கக் கண்டார். ஆபத்தின் அளவு எவ்வளவு என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்; வாயுவை வெளியேற்ற வேண்டும் என்பதில் வாதம் எழவில்லை. 1977இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம், நைதரசு ஒட்சைட்டு வாயு பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கைத் தாண்டலாகாது என்றும், ஹலோதேன் போன்றவை 2 பங்கைத் தாண்டலாகாது என்றும் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் நாட்டில் எந்தக் கூடத்தின் காற்றையும் அளந்தேயாக வேண்டும் என்று கட்டளையிடும் தொழிற் சட்டம் எங்கே?

அடுத்தது புகை. மின்சாரக் கத்தி தசையைச் சுடும்போது எழும் புகையிலே பென்சீனும் ஐதரசன் சயனைட்டும் உண்டு. கிருமிகளின் கூறுகளும் உண்டு. வயலிலே வைக்கோலை எரித்தால் ஊர் கூடி இருமுகிறது. இங்கே மனித இறைச்சியின் புகையை, மூடிய அறையில், தலையைக் குனிந்து நின்று சுவாசிக்கிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018இல் இப்புகையை உறிஞ்சி அகற்ற வேண்டுமெனச் சட்டமியற்றிற்று; மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

பின்னர் ஊசியும் கத்தியும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகிலுள்ள 3.5 கோடி சுகாதாரப் பணியாளருள் ஆண்டுதோறும் 30 இலட்சம் பேர் குருதிவழிக் கிருமிகளுள்ள கூராயுதங்களாற் குத்தப்படுகின்றனர். குத்திய ஊசியில் எய்ட்ஸ் கிருமி இருந்தால் அது தொற்றும் வாய்ப்பு 1000க்கு 3. சி வகை ஈரலழற்சியாயின் 100க்கு ஏறக்குறைய 2. பி வகையாயின், தடுப்பூசி பெறாதவருக்கு 100க்கு 6 முதல் 30 வரை. தடுக்கும் வழிகளோ எளியவை: இரட்டைக் கையுறை, மழுங்கிய நுனியுள்ள தையலூசி, கத்தியைக் கைக்குக் கை கொடாமல் நடுவே தட்டில் வைத்து எடுக்கும் பழக்கம், 1980களிலிருந்தே கிடைக்கும் தடுப்பூசி, எய்ட்ஸ் கிருமிக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய மாத்திரை. ஊசி குத்துவது தாதியோடு நிற்பதுமில்லை. எல்லாரும் போன பின்பு குருதி தோய்ந்த துணியை அள்ளும் சிற்றூழியரின் உள்ளங்கையிலும் அது ஏறுகிறது. அவர் கையில் இருக்கும் உறை எத்தகையது என்று எவர் பார்க்கிறார்?

கருவிகளைத் தூய்மையாக்கும் குளூட்டரல்டிஹைட்டு தொய்வு நோயை உண்டாக்கவல்லது. எதிலீன் ஒட்சைட்டு புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1994இல் வகைப்படுத்தியது. இவற்றோடு நீண்ட நேரம் நிற்பதால் வரும் நாளப்புடைப்பு, மயங்கிக் கிடக்கும் உடலைத் தூக்கி மாற்றுவதால் வரும் முதுகுவலி, இரவு அழைப்பு முடிந்து உறக்கமின்றித் தொடரும் பகல் வேலை ஆகியனவும் சேர்கின்றன.

ஒரே கூடம், இரண்டு நீதி

இவையெல்லாம் வைத்தியசாலை நிருவாகத்தின் உள்விவகாரம், சட்டத்துக்கு இங்கே இடமில்லை என்போருக்கு ஒரு கேள்வி. முறிந்த எலும்பைப் பொருத்தும்போது அதே கூடத்துக்குள் எக்ஸ் கதிர் இயந்திரம் வருகிறதே, அதற்கு மட்டும் எப்படிச் சட்டம் வந்தது? 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், கதிர்வீச்சுக் கருவிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஒழுங்குபடுத்தும் சபை உண்டு, பரிசோதனை உண்டு. ஆக, கதிருக்காகக் கதவைத் திறக்கும் சட்டம் வாயுவுக்காகத் திறவாது. புகைக்காகவும் ஊசிக்காகவும் திறவாது. ஒரே தாதி, ஒரே அறை, ஒரே நாள். அவள் உடலிற் கதிர் படும் பகுதிக்கு ஒரு நீதி, காற்றுப் புகும் நுரையீரலுக்கு வேறு நீதியா? இயலாது என்று சொல்லும் வாயை இந்த ஒரு சட்டமே அடைக்கிறது.

சுற்றறிக்கைகள் இருக்கின்றனவே என்பர். உண்டு. தடுப்பூசி பற்றியும் தொற்றுத் தடுப்பைப் பற்றியும் வழிகாட்டல்கள் உண்டு. கடமையில் காயமுற்ற பின் நட்டஈடு தரும் ஏற்பாடுகளும் உண்டு. ஆனால் சுற்றறிக்கையை எழுதியவரே அதை மீறினால் அவரை எந்த நீதிமன்றத்துக்கு அழைப்பது? 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆய்வு, பயிற்சி, ஆலோசனை ஆகியன அதன் பணிகள். ஆலோசனை கேளாதவனைத் தண்டிக்கும் கை அதற்கில்லை.

வன்னியின் கணக்கு

அச்சட்டம் பிறந்த அதே 2009இல் வன்னியின் சத்திரசிகிச்சைக் கூடங்கள் எங்கே இருந்தன? 2008இன் இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை தன் கட்டில்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரத்துக்குப் பெயர்ந்தது. பின்னர் மேலும் கிழக்கே நகர்ந்து, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிக்கொண்டே போன நிலத்தில், பள்ளிக்கூடங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் அறுவை நடந்தது. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணைக்கு இலக்கானதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உலகறியக் கூறிற்று. உணவும் மருந்தும், சிறப்பாகச் சத்திரசிகிச்சைக்குரிய பொருள்களும், அம்மக்களுக்கு மறுக்கப்பட்டன என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. அங்கே கத்தி பிடித்த அரசாங்க வைத்தியர்கள் 2009 மே மாதம் தடுத்துவைக்கப்பட்டு, ஜூலையில் பத்திரிகையாளர் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள்.

அந்தக் கூடங்களில் நின்ற தாதியர், சிற்றூழியர், மயக்க மருந்து கொடுத்தோர் எல்லாரும் நம்மவர்கள். வீரம் என்று மேடையிற் சொல்லி நாம் கைதட்டுகிறோம். கைதட்டியவர்களுள் எத்தனை பேர், அவர்கள் கையில் உறை இருந்ததா, குத்திய ஊசிக்குப் பின் குருதிப் பரிசோதனை நடந்ததா, உறக்கம் தொலைந்த நெஞ்சுக்கு மருந்து கிடைத்ததா என்று கேட்டிருக்கிறோம்? தியாகியைப் போற்றுவது மலிவான வேலை. அவனைத் தியாகியாக்கும் நிலையை மாற்றுவதற்கே செலவும் உழைப்பும் வேண்டும்.

மூன்று சமாதானங்கள்

முதற் சமாதானம்: இது சேவை, சேவையிற் கணக்குப் பார்க்கலாகாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே உழவனின் உழக்கைப் பறித்த வாய்தான் இதையும் சொல்கிறது. சேவை செய்பவளின் மனம் பெரிது. அவள் ஈரல் மற்றவர் ஈரலைப் போன்றதே.

இரண்டாவது: நோயாளியே முதல், ஊழியர் பின்னர். சுவரில்லாமற் சித்திரம் எழுதலாம் என்பது போன்ற வாதம் இது. இன்று உலகெங்கும் நோயாளியைக் காக்கும் இறப்பர்க் கையுறை எப்படிக் கூடத்துக்குள் வந்தது? 1889 அளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கரோலைன் ஹம்ரன் என்ற தாதியின் கைகள் கிருமிகொல்லி மருந்தினால் வெந்து புண்ணாயின. அவர் கைகளைக் காக்கவே சத்திரவைத்தியர் ஹல்ஸ்ரெட் இறப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். பத்து ஆண்டுகளின் பின்பே, அக்கையுறையால் நோயாளியின் புண் சீழ்ப்பிடிப்பதும் குறைந்தது என எண்ணிக்கையோடு நிறுவப்பட்டது. ஊழியரைக் காத்தார்கள், நோயாளியும் காக்கப்பட்டார். மறுபுறம், 1984இல் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் ஓர் இளம்பெண் இறந்தபின், இளநிலை வைத்தியரின் ஓய்வில்லா வேலைநேரம் விசாரணைக்கு வந்தது. 1989இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று எல்லை வகுத்தது. களைத்த கை நோயாளியின் வயிற்றுக்குள்ளேதான் நடுங்குகிறது என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது: பணமில்லை. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்ததை அறிவோம். நாட்டின் வறுமையை மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் மயக்க மருந்து நிபுணர்கள் உட்பட எத்தனை வைத்தியர்கள் கப்பலேறினார்கள்! ஒரு நிபுணரை உருவாக்க ஆகும் காலமெங்கே, ஒரு கூடத்துக்குக் குழாய் பொருத்த ஆகும் செலவெங்கே? காவாமல் இழப்பதே பெருஞ்செலவு.

அரசாங்கத்தைச் சட்டத்துக்குக் கீழ்ப்படுத்த முடியுமா என்று தயங்குவோர் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே 1974ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் எல்லா வேலைத்தலங்களுக்கும் உரியதாக இருந்தும், முடியின் விலக்குரிமை அரச வைத்தியசாலையை வழக்கிலிருந்து காத்தது. 1984இல் வேக்பீல்ட் நகரின் ஸ்ரான்லி ரோய்ட் வைத்தியசாலையில் நஞ்சான உணவால் 19 நோயாளர் மாண்டனர். நாடு கொதித்தது. 1986இல் அவ்விலக்குரிமை நீக்கப்பட்டது. அயலிலுள்ள இந்தியாவில், தொழிலாளரின் ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலோ சுகாதார உரிமை எழுதப்படவே இல்லை. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் தாபனம் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படைக் கோட்பாடாக ஏற்றது. 1948 முதல் அதன் உறுப்பினரான இலங்கை, அக்கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்ட நாடு.

கேட்பது என்ன?

பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு வைத்தியசாலைகளும் நீங்கலான ஏனைய அரசாங்க வைத்தியசாலைகள் மாகாணத்துக்குரியவை. தொழிற் சட்டம் இயற்றும் அதிகாரமோ கொழும்பிலே. வட மாகாண சபை 2013இல் தோன்றி 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. கேட்பதற்கு இருந்த சபையும் இல்லாமற் போயிற்று. ஆனால் வாக்குக் கேட்டு வட்டக்கச்சிக்கு வரும் தமிழ்க் கட்சிகள் இருக்கின்றன. அதிகாரப் பகிர்வு என்று முழங்கும் வாய், அதிகாரம் வந்தால் ஒரு தாதியின் மூச்சுக்கு என்ன செய்யும் என்று சொல்லட்டும். பகிர்ந்து பெறும் அதிகாரத்தால் உழைப்பவரின் உடல் காக்கப்படாவிடில், அது நாற்காலி மாறிய கதையாகவே முடியும்.

நாம் கேட்பவை ஐந்து. வைத்தியசாலையையும் வயலையும் உள்ளடக்கி, அரசையும் கட்டுப்படுத்தும் தொழிற் பாதுகாப்புச் சட்டம் வேண்டும். கூடத்தின் காற்றை ஆண்டுதோறும் அளந்து, அளவை ஊழியர் பார்க்கச் சுவரில் ஒட்டவேண்டும். ஊசி குத்திய ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத்தில் வேலைசெய்யும் துப்புரவாளர் உட்பட, இரவு பகலென்று பாராது பரிசோதனையும் மருந்தும் கிடைக்கவேண்டும். இரவு அழைப்பின்பின் ஓய்வு, மேலதிகாரியின் தயவாக இல்லாமல் எழுத்திலுள்ள உரிமையாக வேண்டும். கருவுற்ற தாதி, சம்பளமும் பதவியும் குறையாமல் வேறிடத்துக்கு மாற்றப்படவேண்டும்.

கமக்காரர் சங்கங்கள் தம் அடுத்த கூட்டத்தில் இவ்வைந்தையும் தீர்மானமாக நிறைவேற்றட்டும். வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் வெவ்வேறு சங்கங்களாகப் பிரிந்து நின்று, ஒருவர் வேலைநிறுத்தத்தை மற்றவர் வேடிக்கை பார்ப்பதை விட்டு, இவ்வைந்துக்காவது ஒரே மனுவிற் கையொப்பமிடட்டும். சட்டத்தரணிகள் அம்மனுவை வரைந்து கொடுக்கட்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அது நீட்டப்படட்டும். கையொப்பமிடாதவருக்கு வட்டக்கச்சியில் ஒரு வாக்கும் விழலாகாது.