சல்லடையன்று சவ்வு

தமிழ் பாட்டுக்கும் பண்புக்கும் உரியது. அறிவியலுக்கு ஆங்கிலமே தக்கது என்போர் இன்றும் உளர். 2003ஆம் ஆண்டு மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது இக்கூற்றுக்கு அரியணையே கிடைத்தது. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிடத் தீர்மானித்தது, மனப்பான்மையோ போகவில்லை. அதனைச் சுமந்து திரிவோருள் தமிழாசிரியர் சிலரும் இருத்தல் வெட்கக்கேடு.

அனல்மின் நிலையப் புகையினின்று கரிவளியைப் பிரிக்கும் பல்லுறுப்பிச் சவ்வை எடுத்துக்கொள்க. இதனைத் தமிழில் சொல்ல இயலாது என்பது முதற் பொய். ‘சல்லடை போன்றது’ என்று சொல்லி முடித்துவிடுவது இரண்டாம் பொய். இதன் தீங்கே பெரிது; தமிழ்ப்பற்றின் பெயரால் சொல்லப்படுகிறதன்றோ! கேமரன் மலைத் தேயிலை ஆலையில் சல்லடை தூளைப் பருமனால் தரம் பிரிக்கிறது. கரிவளி மூலக்கூற்றுக்கும் நைட்ரஜன் மூலக்கூற்றுக்கும் உள்ள பருமன் வேறுபாடோ மிகச் சிறிது. எடையில் கரிவளியே மிகுதி. சல்லடைக் கணக்கு இங்குப் போதாது.

தக்க உவமை தோட்ட வீட்டு அடுக்களையிலேயே கிடக்கிறது. துளையற்ற மெல்லிய நெகிழிப் பையில் கட்டிய தேயிலையை மண்ணெண்ணெய்க் கலத்தருகே சில நாள் வைத்தால் தேநீரில் அந்நாற்றம் ஏறிவிடும். ஆவி பைச்சுவரில் கரைந்து, அதனூடே பரவி, மறுபுறம் வெளிப்படுகிறது. சவ்விலும் நிகழ்வது இதுவே. நைட்ரஜனைவிடக் கரிவளி அதில் மிகுதியாகக் கரைகிறது. ஆகவே மிகுதியாகக் கடக்கிறது. கரைதல், பரவுதல் என்னும் சொற்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு அயலானவையா?

இடர்ப்பாட்டையும் தமிழிலேயே சொல்லலாம். வளியைச் சவ்வினூடே செலுத்துவது அழுத்த வேறுபாடு. இயற்கை எரிவாயு நிலத்தடியினின்று உயர் அழுத்தத்தோடு வருவதால் 1980களிலேயே அத்துறையில் சவ்வு காலூன்றியது. நிலக்கரிப் புகையோ வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே வருகிறது. அதில் கரிவளி நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரையே. அழுத்தத்தை உண்டாக்க அந்நிலையத்தின் மின்சாரத்தையே செலவிட வேண்டும். மேலும், விரைந்து கடத்தும் சவ்வு செவ்வனே பிரிப்பதில்லை. செவ்வனே பிரிப்பது விரைந்து கடத்துவதில்லை. இவ்விழுபறியின் எல்லையை 1991இல் ரோப்சன் என்னும் அறிஞர் ஒரு கோடாகவே வரைந்து காட்டினார்.

இவற்றுள் எது தமிழுக்கு எட்டாதது? 1963இல் அணை கட்டி முடிந்த ரிங்லெட் ஏரி, வெட்டித் திருத்திய மலைச்சரிவுகளின் மண்ணால் தூர்ந்துவருவதை அம்மலைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்கின்றனர். புகையில்லா மின்சாரத்திற்கே இக்கதி என்றால் புகைவிடும் மின்சாரத்தை எவ்வாறு தூய்மையாக்குவது என்று அவர்கள் வினவத்தான் செய்வர். ‘துளைவழி வடிகட்டலாம்’ என்று விடையிறுத்துவிட்டு, மாலையில் விழா மேடையேறித் தமிழின் வளம் பேசுவோர் முதலில் அந்தத் தேயிலைப் பையை முகர்ந்து பார்க்கட்டும்.