குழந்தைகளின் நேரலை விநோதங்கள்

ராஜ்ய விவகாரங்களில் ஈடுபட்டிருக்கும் நமது வாசகர்களில் சிலர், குழந்தைகளின் விளையாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். இணையத்தின் வழியே குழந்தைகளுக்காக நடத்தப்பெறும் விநோத நிகழ்ச்சிகள் இன்று பெரும் வியாபாரமாகிவிட்டன. அவற்றைக் குறித்துச் சட்டசபைகள் சட்டம் இயற்றுகின்றன. நியாயஸ்தலங்களில் வழக்குகள் நடைபெறுகின்றன. நாளைய பிரஜைகள் தினந்தோறும் அவற்றின் முன்னிலையிலேயே உட்கார்ந்திருக்கின்றனர். இது பொது விஷயமன்றெனின், வேறெதனைப் பொது விஷயமென்பது?

திரை என்றவுடனே காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லோம் நாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் திரை முன் உட்காரும் நேரத்திற்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷத்தில் ஓர் அளவு விதித்தது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே ஆகாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்பது அதன் யோசனை. அது சரியே. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. நமது கேள்வி அதுதான்.

திரையைப் பார்த்துக்கொண்டே குழந்தையைக் கைவேலை செய்விக்கும் முயற்சி புதியதன்று. 1953-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸி.பி.எஸ். கம்பெனியார் 'விங்கி டிங்க்' என்னும் சித்திரப் பையனை வைத்துத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தனர். ஐம்பது ஸென்ட் அனுப்பினால் ஒரு கண்ணாடித் தாளும் வண்ணக் கட்டிகளும் தபாலில் வரும். அத்தாளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முகப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். விங்கி ஆற்றங்கரையில் தவித்து நிற்கும் தருணத்தில் குழந்தை ஒரு பாலம் வரைய, அதன்மேல் அவன் நடந்து அக்கரை சேருவான்! தாள் வாங்கித் தராத வீடுகளில் குழந்தைகள் பெட்டியின் கண்ணாடிமேலேயே வரைந்துவிட்டனராம். பெற்றோரின் கோபத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அந்நிகழ்ச்சி 1957-ல் நின்றுபோயிற்று.

யோசனை அழகியதே, எனினும் அதில் ஒரு பொய் உண்டு. குழந்தை பாலம் வரையாவிட்டாலும் விங்கி ஆற்றைக் கடந்தே தீருவான். படம் முன்னதாகவே தயாராகிவிட்டது. தேசமெங்கும் லக்ஷக்கணக்கான குழந்தைகள் காட்டிய இடத்தில் காட்டிய கோட்டையே இழுத்தனர். கை அசைந்தது உண்மை, கற்பனை அசைந்ததா? இன்றைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இந்த விங்கியின் சந்ததிகளே. இந்தப் பொத்தானை அழுத்து, இந்த நிறத்தைத் தொடு, சபாஷ் என்று ஒரு மணி ஒலிக்கும். இதனைச் சிருஷ்டி என்று பெயரிட்டு விற்பவர்கள் பலர்.

நிற்க. நேரலை என்பதற்கே உரிய சக்தியொன்று இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயால் பிரிட்டனில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, ஜோ விக்ஸ் என்னும் தேகப்பயிற்சி ஆசிரியர் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக் கூடத்திலிருந்து குழந்தைகளுக்குப் பயிற்சி நடத்தினார். மார்ச்சு 24-ந் தேதி ஒரே சமயத்தில் 9,55,185 பார்வைகள் பதிவாயின. கின்னஸ் புத்தகத்தில் அது சாதனையாக ஏறிற்று. ஒரே பாடத்தை அவர் முன்கூட்டிப் பிடித்துப் போட்டிருந்தால் இத்தனை வீடுகளில் குழந்தைகள் காலையில் எழுந்து ஆயத்தமாக நின்றிருப்பார்களா? இந்த வேளையில், நம்மைப் போன்ற மற்றவர்களும் இதையே செய்கிறார்கள் என்ற உணர்ச்சிதான் அடைபட்டுக் கிடந்த குழந்தையை எழுப்பியது.

அதே மாதத்தில் வாஷிங்டனிலுள்ள கென்னடி கலாமண்டபத்தின் சார்பில், சிறுவர் நூலாசிரியர் மோ வில்லெம்ஸ் வார நாள்களில் பகல் ஒரு மணிக்குச் சித்திரம் வரையும் நிகழ்ச்சியை நடத்தினார். தமது சொந்தச் சித்திரசாலையில் உட்கார்ந்து ஒரு கோடு இழுப்பார். குழந்தைகளையும் கூடவே இழுக்கச் சொல்வார். அவர்கள் எழுதியனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இதற்கும் விங்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே குழந்தையின் கோடு வேறு வழியில் போய்விட்டால் தவறொன்றுமில்லை. திரையை அணைத்த பிறகும் காகிதம் அதன் கையில் மிஞ்சுகிறது. வேண்டிய சாமான்களோ ஒரு தாளும் ஒரு பென்ஸிலுமே.

இனிச் சட்டத்தின் பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1998-ம் வருஷத்துச் சட்டமொன்று, பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிப்பதை விலக்குகிறது. அதை மீறியதாகச் சாட்டப்பட்ட வழக்கில் கூகிள், யூடியூப் கம்பெனிகள் 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் செலுத்தி ராஜி செய்துகொண்டன. அதன்மேல் 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கென்று குறிக்கப்பட்ட படங்களில் ஆளறிந்து காட்டும் விளம்பரம் நின்றது. கருத்தெழுதும் இடம் மூடப்பட்டது. நேரலையின்போது பார்ப்பவர் எழுதிப் பேசும் வசதியும் மூடப்பட்டது. முகமறியாத எவனோ ஒருவன் குழந்தையோடு உரையாடலாம் என்ற நிலைமையை ஒழித்தது நன்மையே. வக்கீல் என்ற முறையில் இதில் ஆக்ஷேபிக்க நமக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அதன் பலன் யாது? நடத்துபவர் பேசுகிறார், குழந்தை பதில் சொல்ல வழியில்லை. நேரலையின் உயிர்நாடி அறுந்தது. விளம்பர வருமானம் குறைந்ததென்று நடத்துவோர் பலர் முறையிட்டனர். வரும்படி குறைந்த வியாபாரி என்ன செய்வான்? செலவில்லாத, ஒரே மாதிரியான, பொம்மை விற்கும் நிகழ்ச்சிகளைத்தான் குவிப்பான்.

பதில் சொல்ல வழியில்லை என்ற குறைக்குப் பழைய காலத்திலேயே ஒரு மருந்து இருந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனத்தார் 1964-ல் ஆரம்பித்த 'விஷன் ஆன்' நிகழ்ச்சியில், குழந்தைகள் தபாலில் அனுப்பிய சித்திரங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். செவிப்புலன் குன்றிய குழந்தைகளை முக்கியமாக உத்தேசித்து அமைந்த நிகழ்ச்சி அது. ஆனால் எல்லாக் குழந்தைகளும் பார்த்தனர். தமது சித்திரம் இந்த வாரம் வருமா என்று காத்திருந்தவர்களின் ஆவலை யோசித்துப் பாருங்கள்! அதே ஸ்தாபனத்தின் 'ப்ளூ பீட்டர்' நிகழ்ச்சியில், 1963 முதல், தாமே செய்த பொருளையோ நல்ல யோசனையையோ எழுதியனுப்பும் குழந்தைகளுக்குச் சின்னம் வழங்குகிறார்கள். இதில் உடனடிப் பேச்சு ஒன்றும் இல்லை. ஆகவே அந்நியன் நுழைய இடமில்லை. பதிலோ உண்டு, அதுவும் குழந்தை உட்கார்ந்து உழைத்துச் செய்த பதில். இத்தனைக்கும் காரணம் அந்த ஸ்தாபனத்தை நடத்துவது அங்குள்ள குடும்பங்கள் செலுத்தும் லைசென்ஸ் கட்டணம் என்பதை மறக்கலாகாது. அந்தத் திரையில் எந்த விளம்பரக்காரனுக்கும் இடமில்லை.

நமது தேசத்திலும் சட்டம் வந்திருக்கிறது. 2023-ம் வருஷத்து மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9-வது பிரிவில், பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. தடுப்பது நன்று, ஆனால் தடை மட்டும் நிகழ்ச்சியை உண்டாக்காது. விளம்பரக்காரன் விலகிய இடத்தில் எவர் பணம் போடுவது என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. பொதுப்பணம்தான் போட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2019-ல் கல்வித் தொலைக்காட்சியை ஆரம்பித்தனர். மறு வருஷம் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் பாடம் வேறு, விநோதம் வேறு. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து வாரத்திற்கு ஒரு மணி நேரம் தமிழில் நேரலை நடத்துவது அசாத்தியமா? பொம்மலாட்டக்காரர் ஒருவர் வரட்டும். குயவர் ஒருவர் வரட்டும். கதையைப் பாதியில் நிறுத்தி மீதியைக் குழந்தைகளையே எழுதச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் வரட்டும். பழைய செய்தித்தாளும், புளியங்கொட்டையும், களிமண்ணும், கரித்துண்டும் போதும். கடையில் வாங்க வேண்டிய சாமான் எதையும் சொல்லலாகாது. குழந்தைகள் செய்ததைத் தபாலிலே அனுப்பட்டும். அடுத்த வாரம் பெயரும் ஊரும் மட்டும் சொல்லி, முகத்தைக் காட்டாமல், பொருளைக் காட்டட்டும்.

பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அது தகப்பனாருடன் காலையில் வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறது. ஆதலால் பகல் வேளை உதவாது, ஞாயிற்றுக்கிழமையே ஏற்றது. கைப்பேசியே இல்லாத குழந்தைகளுக்காகக் கிளை நூலகங்களிலும் ஒரு திரையை வைத்துக் கதவைத் திறந்துவிட வேண்டும். நடத்துகிற கலைஞர்களுக்குச் சன்மானம் மாதந்தோறும் தவறாமல் சேர வேண்டும். இன்னுமொன்று: அதிகாரிகள் இதனை ஏற்று நடத்துவார்களாயின், துவக்க விழாவென்று பிரமுகர்களின் சொற்பொழிவுக்கு முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடாதிருக்க வேண்டும்.