மாறிலி எண்டா மாறவே மாறாதா?

2022 இல் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் கண்ணுக்குத் தெரியிற தூரத்திலேயே பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதே வருசம், ஜேர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபியில், ஒரு ஆகன் அணுவின் 18 இலத்திரன்களில் 13 ஐக் கழற்றி, அந்த அயனை வைத்து மணிக்கூடு செய்தார்கள். இதைச் சொன்னதும் நண்பன் கேட்டான், "மச்சான், இதால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

நேரம் பார்க்க எண்டால் பெரிய பிரயோசனம் இல்லை. அது ஒரு செக்கன் பிழைக்க ஏறக்குறைய 140 கோடி ஆண்டுகள் எடுக்கும். அதைவிடத் துல்லியமான மணிக்கூடுகள் ஏற்கெனவே இருக்கு.

விசயம் வேறு. ஏ/எல் பௌதிகத்தில் "மாறிலி" எண்டு படிக்கிறோம். பெயரிலேயே தீர்ப்பு எழுதியாச்சு. ஆனால் மின்காந்த விசையின் பலத்தைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி, கிட்டத்தட்ட 1/137, ஏன் அந்த அளவில் இருக்கு எண்டு எந்தக் கோட்பாடும் சொல்வதில்லை. மிக மெல்லிய கரும்பொருள் உண்டெண்டால் அது இந்த எண்ணையே துளி ஆட்டலாம் எண்டு சிலர் கருதுகிறார்கள்.

இலத்திரன்களைக் கழற்றக் கழற்ற, மிஞ்சியதைக் கரு இறுக்கிப் பிடிக்கும். வெளி மின்புலம் லேசில் அசைக்காது. பாரமான அணுக்களிலோ உள்ளே இலத்திரன்கள் படுவேகம். மாறிலி கொஞ்சம் அசைந்தாலும் மீடிறன் காட்டிக்கொடுத்துவிடும். வேறு வகை மணிக்கூடு ஒன்றோடு வருசக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆகன் இதற்கு ஒத்திகை. கலிபோர்னியம் போன்றவையே இலக்கு. ஆகன் அயனை நேரே லேசரால் குளிர்விக்க வழியில்லாததால், பக்கத்தில் ஒரு பெரிலியம் அயனை விட்டு அதைக் குளிர்வித்தார்கள். ஆகனின் நிலையை வாசித்துச் சொல்வதும் அந்தப் பெரிலியம்தான். (எனக்கு இந்த ஏற்பாடுதான் ஆகப் பிடிச்சது.)

"இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை" எண்டான் நண்பன். பாதிதான் சரி. எந்த அயன் பொருந்தும் எண்டு முதலில் ஆராவது கணக்குப் போட வேண்டும். அகமதாபாத்தின் பௌதிக ஆய்வுகூடத்தில் பி.கே. சாஹு அந்தக் கணக்கைத்தான் செய்கிறார். அதற்கு வேண்டியது குவாண்டம் பொறிமுறையும் கணினியும் பொறுமையும். கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் இந்த மூன்றும் கிடைக்காத சாமான் இல்லை. குறைவது வேறொன்று. எங்கட டியூசன் வகுப்புகளில் மாறிலி என்பது கேள்வித்தாளின் தலையில் அச்சடித்து வரும் இலக்கம். பிரதியிடு, விடை எடு, அடுத்த கணக்குக்குப் போ. ஆர் அளந்தது, எவ்வளவு வழுவோடு எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் சிலபஸில் இல்லை எண்டு பதில்.

நண்பன் கடைசிவரை ஒத்துக்கொள்ளேல்ல. ஆனா இறங்கும்போது, "சரி, மாறுதா இல்லையா?" எண்டு கேட்டான்.

இதுவரைக்கும் அசைவு ஒன்றும் பிடிபடேல்ல மச்சான். இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறாங்கள்.