உல்லாச அணையும் உடையவர் கடமையும்

ஓடையை மறித்து மண்கரை எழுப்பி, தேங்கிய நீரில் படகு விட்டு மகிழ்வது மலைப்பிரதேசங்களில் நெடுநாளைய வழக்கம். கோடைக்கானல் ஏரியே 1863ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டர் வியர் லெவிஞ்சு தம் சொந்தச் செலவில் அமைத்ததுதான். இன்று அது பொதுச்சொத்து. அதனைக் கவனிக்க அலுவலகங்கள் உண்டு. தோட்டங்களிலும் விடுதிகளிலும் தனியார் தத்தம் நிலத்துள் தேக்கிக்கொள்ளும் சிறு அணைகளின் நிலை வேறு. அவற்றின் அழகைக் காண வருவோர் பலர். கரையின் மறுபுறம் இறங்கி ஈரம் கசிகின்றதா என்று பார்ப்போர் அரியர்.

புது டில்லியில் பாராளுமன்றம் 2021இல் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் பயனுள்ள சட்டமே. உடையவர் அரசாயினும் கம்பெனியாயினும் அது ஒருபோலப் பிணிக்கும். ஆயின் அதன் எல்லை அளவினால் வகுக்கப்பட்டுள்ளது. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகள் அனைத்தும் அதனுள் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை அடங்க வேண்டுமானால், கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாதிருத்தல், கொள்ளளவு பத்து லட்சம் கனமீட்டருக்குக் குறையாதிருத்தல், வெள்ளப்போக்கு வினாடிக்கு 2,000 கனமீட்டருக்குக் குறையாதிருத்தல், கடினமான அடித்தளம், வழக்கத்திற்கு மாறான அமைப்பு என்பவற்றுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்தவற்றை அது தொடுவதில்லை.

இவ்வளவுகோலை நடந்த நிகழ்ச்சியொன்றில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் ஊருக்கு அருகில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. முதலில் மின்சாரத்திற்காகக் கட்டப்பட்டுப் பின்னர் பொழுதுபோக்கு ஏரியாக நின்றது. உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். கரையின் நீளம் 125 மீட்டருக்கும் குறைவு. உடைந்தபோது தேங்கியிருந்த நீர் எட்டு லட்சம் கனமீட்டரை எட்டவில்லை. 1977 நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவிற்குப்பின் அது உடைந்து, கீழேயிருந்த கல்லூரிக் குடியிருப்பில் 39 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் சட்டம் கூறும் நீளத்தாலும் கொள்ளளவாலும் அது பிடிபடாது. 2018 மே மாதத்தில் கென்யா நாட்டின் சோலாய் பகுதியில் தனியார் பண்ணையணை உடைந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆபத்தை அளக்கும் கோல் கரையின் உயரம் அன்று. கீழ்ப்புறத்தில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதே.

உல்லாச அணைக்குத் தனியான நோய் ஒன்றுண்டு. மண்ணணையைக் காப்பவை கலிங்கும், அடிமட்ட மதகும், நீர்மட்டத்திற்கும் கரையின் தலைப்பிற்கும் இடையே விட்டுவைக்கும் வெற்றுயரமுமே. பல்லாண்டுகளில் ஒருநாள் மட்டுமே இவற்றின் அருமை தெரியும். ஏனைய நாட்களில் உடையவர் கண்ணுக்கு இவை வீண்செலவாகவோ காட்சிக்கு இடையூறாகவோ தோன்றும். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை இதற்குச் சான்று. கால்வாய்க்கு நீர் தரக் கட்டப்பட்ட 72 அடி உயரமுள்ள இம்மண்ணணை, கால்வாய் வழக்கொழிந்தபின் கைமாறியது. இடையில் வாங்கிய ஒருவர், அடியில் பதிந்திருந்த வார்ப்பிரும்பு வடிகுழாய்களைப் பெயர்த்து விற்றார். 1879இல் அதனைப் பெற்ற செல்வர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் தலைப்பைத் தாழ்த்திற்று. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித்தட்டி அடைத்தது. ஒவ்வொன்றும் அற்பச் செயலே. செய்தவர் எவரும் கரையை உடைக்க எண்ணியவரல்லர். 1880இல் கீழ்ப்புறத்து ஜான்ஸ்டவுன் இரும்பாலையார் தம் எஞ்சினியரை அனுப்பினர். கசிவுண்டு, நீரை வடித்துச் செப்பனிட வழியில்லை என்று அவர் அறிவித்தார். அச்சத்திற்கு இடமில்லை எனக் கழகத்தார் விடையளித்தனர். 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் நீர் ஏறியபோது, கலிங்கின் தட்டியில் குப்பை அடைத்துக்கொண்டது. பாறைப்பாங்கான நிலத்தில் மாற்றுக் கால் வெட்ட ஆட்கள் முயன்றும் பயனில்லை. கரைமேல் நீர் வழிந்தது. மாண்டோர் 2,209 பேர். கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தோர் எவரும் இழப்பீடு பெறவில்லை.

நம் பாசன ஏரிகளை நோக்கினால் வேறுபாடு விளங்கும். ஏரிக்குக் கீழே நிலமுடையோர் அதன் கரையை நாள்தோறும் மிதிப்பவர். குடிமராமத்து என்னும் ஏற்பாடு குறைகள் பல உடையதாயினும், கரையில் எலிவளை கண்டால் கூவியழைக்கும் உரிமையை ஊராருக்குத் தந்தது. உல்லாச அணையிலோ வேலி குறுக்கிடுகின்றது. வெள்ளத்தை ஏற்கவேண்டியவர் வேலிக்கு வெளியே நிற்கின்றார்.

சட்டநெறியும் இவ்வேறுபாட்டை முன்பே கண்டுள்ளது. ஆலை உடைமையாளர் தம் நலத்திற்கெனத் தேக்கிய நீர் அண்டை நிலத்துச் சுரங்கத்திற் பாய்ந்தபோது, அவர் கவனக்குறைவின்றி நடந்திருந்தாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்விதியைக் காட்டி, கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் உடைந்து இருப்புப்பாதை சேதமுற்றதற்குச் சென்னை ரயில்வே கம்பெனி ஈடு கேட்டது. பிரிவி கவுன்சில் 1874இல் மறுத்துவிட்டது. நாட்டின் வாழ்விற்கு இன்றியமையாத தொன்மையான பாசன அமைப்பின் உறுப்புக்களே அவ்வேரிகள். அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. ஆதலால் கவனக்குறைவு காட்டப்பட்டாலன்றி அவர் பொறுப்பாளி ஆகார் என்பதே காரணம். விருந்தினர் படகு விடுவதற்கென நீர் தேக்கும் விடுதியார் இந்நிழலில் ஒதுங்க இயலுமா? பொதுக்கடமை இல்லாதவிடத்து அதற்குரிய சலுகையும் இல்லை என்பதே நியாயமாகும்.

சிற்றணை ஒவ்வொன்றையும் மத்திய அதிகாரிகள் சோதிக்க இயலாது என்பார் கூற்றில் உண்மையுண்டு. அது தேவையுமன்று. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லையுள் உள்ள தனியார் அணைகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, கரை உடைந்தால் நீர் சேருமிடத்தில் குடியிருப்பு உண்டா என்று மட்டும் முதலிற் குறிக்கலாம். உண்டெனில், உயரம் 5 மீட்டராயினும் ஒரு பொறியியலார் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சென்று காணவேண்டும். கரைமேல் வளர்ந்த மரங்கள், பின்சரிவில் தோன்றும் ஈரம், கலிங்கில் வைத்த தட்டி அல்லது பலகை ஆகியவற்றை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். கசியும் நீர் தெளிந்திருந்தால் அளந்துவரலாம். கலங்கியிருந்தால் மண் அரிக்கப்படுகின்றது என்று பொருள், அன்றே நீரைக் குறைக்கவேண்டும். அடிமட்ட மதகு எழுத்தில் இருப்பது போதாது. முழுவதும் திறந்து மூடிக் காட்டப்படல் வேண்டும். அந்நாளைக் கீழ்ப்புறத்து ஊராட்சிக்கு முன்கூட்டி அறிவித்து, வேலிக்கதவைத் திறந்துவிடவும் வேண்டும்.