இருட்டில் சுடுகிறவன் என்ன காண்கிறான்?

திருமயம் மலைச்சரிவில் குடைந்தெடுக்கப்பட்ட பெருமாள் கோயிலுக்குள் வெயிலிலிருந்து நுழைகிறவருக்கு முதலில் விளக்குச் சுடர் மட்டுமே தெரியும். கண் பழகப் பழகப் பாம்பணையில் கிடக்கும் நெடிய திருமேனி புலப்படும். பாறைச் சுவரில் செதுக்கிய உருவங்கள் அதற்கும் பிறகுதான். மது, கைடபன் என்னும் அசுரர்கள் தேவியரைக் கவர வருகிறார்கள். பெருமாள் அறிதுயிலில் இருக்கிறார். அவரை எழுப்பாமல் ஆதிசேஷன் நஞ்சுத் தீயை உமிழ்ந்து அவர்களை விரட்டுகிறான். அந்தத் தீக்கொழுந்துகளும் பாறையில் இருக்கின்றன. தலபுராணம் இன்னொன்றும் சொல்கிறது. கேளாமல் செய்துவிட்டோமே என்று ஆதிசேஷன் அஞ்சினானாம். பெருமாள் அவனைத் தேற்றினாராம். காவலுக்காகத் தீ உமிழ்ந்தவனுக்கும் பின்னால் ஓர் அச்சம் உண்டு என்று யோசித்த அந்தப் பழைய மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை இப்போது நினைக்கக் காரணம் என் சித்தப்பா. ஓய்வு பெற்ற ஆசிரியர். திருமயத்தில், முற்றமும் பட்டாசாலையும் வைத்த பழைய வீட்டில் அவரும் சித்தியும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். சென்ற ஆண்டு அடுத்த தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்துத் திருடிப் போனார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ரிவால்வர் உரிமத்துக்கு மனுப் போடுவதென்று முடிவு செய்து என்னிடம் ஆலோசனை கேட்டார். “சத்தம் கேட்டாலே ஓடிருவான்ப்பா. சுடணும்னு கூட இல்ல” என்றார். அவர் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் இருட்டில் ஒரு ரிவால்வர் என்ன செய்யும் என்பதை நம் கதைகளும் திரைப்படங்களும் நமக்குச் சொன்னதே இல்லை. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து முழுதும் எரிந்து முடிந்து குண்டை வெளியே தள்ளுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். அப்படியில்லை. குழலின் வாயை விட்டு வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைந்திருக்கின்றன, இரண்டுமே எரியக்கூடியவை. கடும் வெப்பத்துடன் வரும் அந்த வாயு வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு கலந்ததும் மறுபடி பற்றிக்கொள்கிறது. நாம் காணும் பெரிய சுடர் இந்த இரண்டாவது எரிதல்தான். குழல் நீளமாக இருந்தால் வாயு உள்ளேயே விரிந்து ஓரளவு குளிர்ந்துவிடும். தற்காப்புக்கென்று விற்கப்படும் ரிவால்வர்களோ கைக்கடக்கமாக இருக்க வேண்டும் என்பதால் குறுங்குழல் உடையவை. அதே தோட்டா நீண்ட குழலில் தருவதைவிடக் குறுங்குழலில் அதிகச் சுடரைத் தரும். போதாததற்கு, ரிவால்வரின் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு அளவில் ஓர் இடைவெளி உண்டு. அது இல்லாவிட்டால் உருளை சுழலாது. அதன் வழியாகவும் தீ இருபுறமும் பீறிடும்.

தோட்டா செய்கிறவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1884இல் பிரான்சில் போல் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தபோது பழைய கருமருந்தின் புகைமூட்டம் ஒழிந்தது, சுடர் ஒழியவில்லை. பொட்டாசியம் உப்புகளைச் சிறிதளவு மருந்தில் கலந்தால் அந்த இரண்டாவது எரிதல் தடைபடும் என்று பின்னர் அறிந்தார்கள். அதற்கு விலையாகப் புகை கூடும். இன்று அமெரிக்காவில் தற்காப்புத் தோட்டாக்களைச் ‘சுடர் குறைந்தவை’ என்றே விளம்பரம் செய்து விற்கிறார்கள். 1935இல் வந்த .357 மேக்னம் போன்ற வலிய தோட்டாவைக் குறுங்குழலில் சுட்டால் எழும் தீப்பந்தை மங்கிய செம்பொறியாகக் குறைக்க நல்ல மருந்தால் முடியும். இது உண்மையான முன்னேற்றம்தான்.

நம் ஊரில் உரிமம் பெற்றவர் கைக்குப் பெரும்பாலும் வருவது .32 ரிவால்வர். அதன் தோட்டா 1896இல் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது, அழுத்தம் குறைந்தது, மேக்னம் அளவுக்குச் சுடர் எழாது. 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று, டெல்லியில் தாக்கப்பட்டு உயிரிழந்த பெண்ணின் நினைவைத் தாங்கிய பெயருடன், ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. அதுவும் .32 தான். எடை 500 கிராம், அப்போதைய விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். எடையையும் விலையையும் எழுதிய செய்தித்தாள்கள், நள்ளிரவில் அது எப்படி வேலை செய்யும் என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இனி கண்ணின் கதை. விழித்திரையில் இருளில் பார்ப்பதற்கென்றே கோல் செல்கள் இருக்கின்றன. அவற்றின் நிறமி ஒளி பட்டதும் சிதையும். இருட்டில் மெல்லத் திரும்பக் கூடும். முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் வேண்டும். குழல்வாய்ச் சுடரின் ஆயுள் சில மில்லி விநாடிகள்தான். முழுக் குருடாக அது யாரையும் ஆக்கிவிடாது. ஆனால் அதன் பிம்பம் கண்ணில் தங்கும். எங்கே தங்கும்? சுடுகிறவன் எதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தானோ அந்த இடத்தில். அடுத்த சில விநாடிகளுக்கு அவனுக்குத் தெரியாமல் போவது, அவன் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த ஒன்றுதான். சுவர் சூழ்ந்த அறைக்குள் சத்தமோ 150 டெசிபலைத் தாண்டும். காதும் அடைத்துப்போகும். வந்தவன் விழுந்தானா, ஓடினானா, கூட இன்னொருவன் இருக்கிறானா என்று எதுவும் தெரியாது. எதிரே இருப்பவனுக்கோ, சுட்டவன் நிற்குமிடத்தை அந்தச் சுடரே காட்டிக்கொடுத்துவிடும்.

திரைப்படத்தில் துப்பாக்கி வாயில் பூக்கும் நெருப்பு கதாநாயகனின் முகத்தை ஒளியூட்டிக் காட்டும். படப்பிடிப்புக்கான வெற்றுத் தோட்டாக்கள், காமிராவில் பதிய வேண்டும் என்பதற்காகவே பெரிய சுடர் எழும்படி தயாரிக்கப்பட்டவை. நம் துப்பறியும் கதைகளிலும் இருளில் சுட்டவர் அடுத்த நொடியே எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்கிறார். இந்தப் பொய் வெறும் அழகியல் பொய்யாக நின்றுவிட்டால் எனக்குக் கவலையில்லை. அது என் சித்தப்பாவின் தலையணைக்கடியில் வந்து படுக்கும்போதுதான் கவலை.

சுடர் குறைந்த தோட்டா கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இங்கேதான் இந்தப் பேச்சு முழுவதும் இடம் மாறிப்போகிறது என்று நினைக்கிறேன். அது தீர்ப்பது, சுட்ட பிறகான இருட்டை. சுடுவதற்கு முன்னிருக்கும் இருட்டை எந்த வேதியியலும் தீர்க்காது. பட்டாசாலையில் அசைவது யார்?

2013 பிப்ரவரி 14 அதிகாலையில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மூடிய கழிவறைக் கதவின் வழியே நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்தேன், இருட்டாக இருந்தது என்றார் பிஸ்டோரியஸ். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது முக்கியமல்ல. அங்கே ஒருவர் இருந்தார், அவர் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டார் என்பதே போதும் என்றது.

நம் சட்டமும் இரவை அறியும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீடுடைத்துப் புகுகிறவனுக்கு எதிராக, உயிர்போகும் அளவுக்கும் தற்காப்புரிமை நீளக்கூடும் என்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கை 37ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. எது தேவை என்பதைப் பார்க்கத் தெரிந்தவன்தான் அளக்க முடியும். பார்க்க முடியாதவன் எதைக் கொண்டு அளப்பான்?

காவல் நிலையம் வந்து சேரும் முன் எல்லாம் முடிந்துவிடுமே என்பார்கள். நியாயமான கேள்வி. முதியவர்கள் தனித்து வாழும் ஊர்கள் நம் மாவட்டத்தில் பெருகிவிட்டன. அவர்களின் பயத்துக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் வெளிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. கொல்லைப்புறத்தில் ஆள் நடந்தால் எரியும் விளக்கு, பின்கதவுக்குக் குறுக்குச் சட்டம், படுக்கையறைக்கு உட்புறத் தாழ்ப்பாள், கைக்கெட்டும் தொலைபேசி, பக்கத்து வீட்டில் குரல் கேட்டால் எழுந்து வரும் நாலு பேர். ரிவால்வர் விலையில் இவற்றை இரண்டு மூன்று வீடுகளுக்குச் செய்துவிடலாம். தேர்தல் வரும்போது காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன். “ராத்திரி உங்க வீட்டுல அடிக்கடி எந்திரிச்சு நடக்கிறது யாரு சித்தப்பா?”

சித்திக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் மூன்று முறையாவது எழுந்து கொல்லைப்புறம் போவார். அவர் தூக்கம் கெடுமே என்று விளக்குப் போடமாட்டார். சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. மனுப் படிவம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது, கிழித்துப் போடவில்லை. ஆனால் பட்டாசாலையில் இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரிகிறதென்று சித்தி போனில் சொன்னார்.